சதாம் கொடியவரா என்பது ஒரு கேள்வி, போர் நியாயமா என்பது வேறு கேள்வி

கேட்கப்பட்டது இது. காரைக்குடியில் கல்லூரி மாணவர்களின் பட்டிமன்றம். ‘சதாம் உசேனை வீழ்த்திய 2003 போர் நியாயமானதே’ என்பது தலைப்பு. கேட்டவருக்கு ‘நியாயமானதே’ அணி விழுந்திருக்கிறது, பேச எட்டு நிமிடம். எந்தத் தரவு மேடையில் நிற்கும், எதிரணி எங்கே மடக்கும் என்று கேட்கிறார். கூடவே வீட்டுப் பேச்சு ஒன்றையும் எழுதியிருக்கிறார்: “எங்கள் ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். நெல் நிலம் நிறைய இருந்ததாம். ராணுவ ஆட்சியாளன் நெ வின் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான், அவனை அன்றைக்கே யாராவது படையெடுத்துத் தூக்கியிருக்க வேண்டும் என்று அப்பச்சி இன்றும் சொல்வார். இதுவும் அதுவும் ஒன்றுதானே?”

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போர் நியாயமானதில்லை. இருந்தாலும் உங்கள் அணிக்கு எட்டு நிமிடத்துக்கு நேர்மையாகப் பேச விஷயம் இருக்கிறது. பொய்யான தரவு ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. எதிரணியும் சில இடங்களில் தவறான எண்களோடு வரும், அதையும் காட்டுகிறேன். பர்மாவுக்குப் பின்னால் வருகிறேன்.

காரைக்குடி மேடைக்கு இந்த வகை வழக்கு புதிதில்லை. வாலி வதையைப் பேசிப் பேசிப் பழகிய ஊர். வாலி செய்தது குற்றமா என்பது ஒன்று, மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் வென்றுவிட்டதாக உட்கார்ந்தால் நடுவர் விடமாட்டார். ஈராக்கிலும் இதேதான். சதாம் கொடியவர் என்பதை எதிரணி முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டுவிடும். அப்புறம் நீங்கள் அதையே ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் நேரம் போனதுதான் மிச்சம்.

ஆகவே குற்றப் பட்டியலுக்கு ஒன்றரை நிமிடம் போதும். தேதியும் எண்ணும் மட்டும் பிசகக்கூடாது. 1980 செப்டம்பர் 22-ல் ஈரான்மேல் படையெடுத்தார், எட்டு வருடம் நடந்த அந்தப் போரில் இரு தரப்பிலும் லட்சக்கணக்கில் செத்தார்கள். 1982-ல் துஜைல் என்ற ஊரில் தன்னைக் கொல்ல முயன்றார்கள் என்று 148 பேரைக் கொன்றார். கடைசியில் அவரைத் தூக்குக்கு அனுப்பியது இந்த வழக்குதான். 1988-ல் ‘அன்ஃபால்’ என்று பெயர் வைத்து வடக்கே குர்து இன மக்களின் கிராமங்களை வரிசையாக அழித்தார். மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணிப்பில் செத்தவர்கள் 50,000 முதல் 1,00,000 வரை, குர்துகள் சொல்லும் எண் 1,82,000. அதே ஆண்டு மார்ச் 16-ல் ஹலப்ஜாவில் விஷவாயுக் குண்டு, சுமார் 5,000 பேர். 1990 ஆகஸ்ட் 2-ல் குவைத்தைப் பிடித்தார். 1991 மார்ச்சில் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் கிளர்ந்தெழுந்தபோது பல்லாயிரம் பேரைக் கொன்றார்.

2003 மே மாதம் ஹில்லாவுக்குப் பக்கத்தில் அல்-மஹாவீல் என்ற இடத்தில் 1991-ல் கொல்லப்பட்டவர்களின் புதைகுழி திறக்கப்பட்டது. 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள். மண்வாரி இயந்திரத்தை விட்டு அவசரத்தில் தோண்டியதால் ஒருவர் எலும்பு இன்னொருவரோடு கலந்துபோனது. பன்னிரண்டு வருடம் காத்திருந்த குடும்பத்தார் கந்தலான சட்டைத்துணியையும் அடையாள அட்டையையும் வைத்துத் தம்முடையவர் எவர் என்று தேடினார்கள். இந்தக் காட்சியை உங்கள் பேச்சில் வையுங்கள். இதைக் கேட்டுவிட்டு ‘சதாம் இருந்திருக்கலாம்’ என்று எளிதாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒன்று மட்டும், எதிரணியில் விவரம் தெரிந்தவர் இருந்தால் ‘அந்தக் குழிக்குக் காவல் போட்டு முறையாகத் தோண்ட ஏற்பாடு செய்யாதது யார்?’ என்று திருப்பிக் கேட்பார். அதற்கும் தயாராக இருங்கள்.

இப்போது மேலே சொன்னதில் ஆண்டுகளை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். 80, 82, 88, 90, 91. போர் தொடங்கியது 2003 மார்ச் 20. உங்கள் அணிக்குப் பெரிய ஓட்டை இதுதான். வட்டிக்கடைப் பேரேட்டில் ஐந்தொகை எடுத்தால் எந்தத் தேதிக்கு என்று தலையில் எழுதாமல் எடுக்கமாட்டார்கள். போரின் நியாயத்துக்கும் தேதி உண்டு. ஒரு நாட்டு மக்களைக் காப்பாற்ற இன்னொரு நாடு ஆயுதம் எடுக்கலாம் என்றால், அந்த நேரத்தில் பெருங்கொலை நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது நடக்கப்போகிறது என்பது கண்முன் தெரிய வேண்டும். 2003 தொடக்கத்தில் ஈராக்கில் சிறையும் சித்திரவதையும் இருந்தன, 1988 போன்ற கொலை நடக்கவில்லை. சதாமின் குற்றங்களை ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்திய ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பே 2004 ஜனவரியில், இதை மனிதாபிமானத் தலையீடு என்று சொல்ல முடியாது என்று எழுதியது. காரணம் இதுதான்.

அந்தத் தேதிக் கணக்கில் மிகவும் உறுத்துவது 1991. குவைத்தை மீட்க அமெரிக்கக் கூட்டணி ஈராக்கோடு போரிட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 15-ல் அன்றைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ், ஈராக் மக்களும் ராணுவமும் தாங்களே சதாமை இறக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். மக்கள் எழுந்தார்கள். மார்ச் 3-ல் சஃப்வானில் போர்நிறுத்தப் பேச்சு. பாலங்கள் உடைந்து கிடக்கின்றன, எங்கள் ஆட்கள் போய்வர ஹெலிகாப்டர் பறக்க விடுங்கள் என்று ஈராக் தளபதிகள் கேட்டார்கள். அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காஃப் சரி என்றார். ஆயுதம் ஏந்திய ஹெலிகாப்டருமா என்று அவர்கள் மறுபடி கேட்டபோதும் சரி என்றார். அந்த ஹெலிகாப்டர்கள்தான் கிளர்ச்சிக்காரர்கள்மேல் பாய்ந்தன. மனிதாபிமானப் போருக்கு நியாயம் இருந்த நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த மார்ச் மாதம். படையும் பக்கத்திலேயே நின்றது.

இதை உங்கள் அணி வேறு விதமாகத் திருப்பலாம்: ‘1991-ல் வைத்த கடனை 2003-ல் தீர்த்தார்கள்.’ கேட்க நன்றாக இருக்கும், மேடையில் கைதட்டும் வரும். ஆனால் 2003-ல் அமெரிக்க அதிபர் இளைய புஷ்ஷும் பிரிட்டன் பிரதமர் பிளேரும் முன்வைத்த முதன்மைக் காரணம் இந்தக் கடன் அல்ல. சதாமிடம் பேரழிவு ஆயுதம் (அணு, ரசாயன, உயிரி ஆயுதங்கள்) இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அதற்கு வருவோம்.

எதிரணியில் நன்றாகப் படித்தவர் இருந்தால் அலுமினியக் குழாயைக் கையில் எடுப்பார். 81 மில்லிமீட்டர் விட்டம், 900 மில்லிமீட்டர் நீளம், சுவர் கனம் 3.3 மில்லிமீட்டர். ஈராக் வாங்க முயன்ற இந்தக் குழாய்களை, யுரேனியத்தைச் செறிவாக்கும் மையவிலக்கு எந்திரத்துக்கானவை என்று அமெரிக்க அரசு சொன்னது. அமெரிக்க எரிசக்தித் துறையின் சொந்த வல்லுநர்களே ஒப்பவில்லை. மையவிலக்குக்கு இந்தச் சுவர் தடிமன் அதிகம், விட்டம் குறைவு. அதே 81 மில்லிமீட்டர் குழாயில் ஈராக் பல வருடமாகச் சாதாரணப் பீரங்கி ராக்கெட் செய்துகொண்டிருந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதே 2003 மார்ச் 7-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் இதைச் சொன்னார். நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதற்கு ஆதாரமாகக் காட்டிய கடிதங்கள் போலி என்றும் அதே கூட்டத்தில் சொன்னார். போர் தொடங்கப் பதின்மூன்று நாள் இருந்தது. ‘அப்போது யாருக்கும் தெரியாது’ என்ற வாதம் இங்கே உடைகிறது. போருக்குப் பிறகு அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக்குழு, டுயெல்ஃபர் தலைமையில் 2004-ல் கொடுத்த அறிக்கையில், ஆயுத இருப்பு எதுவும் இல்லை, அணு ஆயுதத் திட்டம் 1991-லேயே நின்றுவிட்டது என்று முடித்தது. ஆகவே பேரழிவு ஆயுதத்தை உங்கள் பேச்சில் தொடவே வேண்டாம். செப்டம்பர் 11 தாக்குதலோடு சதாமை முடிச்சுப் போடவும் வேண்டாம். அந்தத் தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையமே சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் கூட்டுச் செயல்பாட்டு உறவு இருந்ததற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. ஐ.நா. சாசனப்படி ஒரு நாடு இன்னொன்றின்மேல் படை எடுக்க இரண்டே வழி: தற்காப்பு, அல்லது பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி. 2002 நவம்பர் 8-ல் வந்த 1441-ம் தீர்மானம் பதினைந்துக்குப் பதினைந்து ஓட்டில் நிறைவேறியது. ‘கடும் விளைவுகள்’ என்று எச்சரித்தது, ஆனால் படை எடுக்க அனுமதி தரவில்லை. அனுமதி கேட்டு வைத்த இரண்டாவது வரைவை ஓட்டுக்கு விடாமலேயே 2003 மார்ச் 17-ல் பின்வாங்கிக்கொண்டார்கள். 2004 செப்டம்பரில் அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னான் அந்தப் போர் சட்டவிரோதம் என்றே சொன்னார். நம் நாடாளுமன்றம் 2003 ஏப்ரலில் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. இந்தியப் படையை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு ஜூலை 14-ல் மறுத்தது. இது எதிரணி கட்டாயம் எடுக்கும் சீட்டு.

உங்கள் அணியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்களே, பொறுத்திருக்கலாமே’ என்று எதிரணி சொல்லும். நான்கு வருடம் வெளியே இருந்த ஆய்வாளர்களைச் சதாம் 2002 நவம்பரில் உள்ளே விட்டது எதனால்? எல்லையில் படை குவிந்ததால். வளைகுடாப் பாலைவனத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் படையை வருடக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியாது. படை திரும்பினால் ஆய்வாளர்கள் மறுபடி வெளியே போக வேண்டிவரும். ஐ.நா. விதித்த பொருளாதாரத் தடையோ 1990 ஆகஸ்டிலிருந்து மக்களைத்தான் நசுக்கியதே தவிர, சதாமின் அரண்மனையைத் தொடவில்லை. ஆக, இருந்த வழிகள் மூன்றுதான்: தடையை என்றென்றைக்கும் நீட்டிப்பது, தடையை எடுத்துவிட்டுச் சதாமை அவர் மகன்களோடு விட்டுவிடுவது, அல்லது போர். மூன்றும் கெட்டவை, அதில் எது குறைந்த கேடு என்று நடுவரைக் கேளுங்கள். இந்த வாதத்தைச் சரியாகக் கட்டினால் எதிரணி கொஞ்சம் திணறும்.

என்னை ஏன் இது திருப்திப்படுத்தவில்லை என்றால், நான்காவது வழி ஒன்று நடந்துகொண்டே இருந்தது. ஐ.நா. வைத்த 150 கிலோமீட்டர் வரம்பை மீறிய அல்-சமூத் ஏவுகணைகளை 2003 மார்ச் முதல் வாரத்தில் ஈராக் தன் கையாலேயே உடைத்துக்கொண்டிருந்தது. மீதி வேலைக்கு வருடங்களும் வேண்டாம், வாரங்களும் போதாது, மாதங்கள் வேண்டும் என்று தலைமை ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸ் கேட்டார். அந்த மாதங்கள் கொடுக்கப்படவில்லை. பாலைவனத்தில் வெயில் ஏறுவதற்குள் போரை முடிக்க வேண்டும் என்ற அவசரமும் அதற்கு ஒரு காரணம். பிரிட்டனின் சில்காட் விசாரணை 2016 ஜூலை 6-ல் வெளியிட்ட அறிக்கையில், அந்தக் கட்டத்தில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்று எழுதியது. இலங்கையைச் சூழ்ந்து படை நின்ற பிறகும் அங்கதனைத் தூது அனுப்பிய கதையை நம் ஊர் அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, வீழ்த்திய மறுநாள். இந்தப் போரைப் பற்றிய என் கோபம் பெரும்பாலும் இதில்தான். சதாமை வீழ்த்த மூன்று வாரம் ஆனது, ஏப்ரல் 9-ல் பாக்தாத் விழுந்தது. ஒரு நாட்டைப் பிடித்த பிறகு ஒழுங்கைக் காக்க எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு முந்தைய அனுபவங்களிலிருந்து ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆயிரம் குடிமக்களுக்கு இருபது பேர். ஈராக்கில் அன்று சுமார் இரண்டரைக் கோடி மக்கள், ஆக ஐந்து லட்சம் பேர் வேண்டும். பல லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஷின்செகி பிப்ரவரி 25-ல் செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் இரண்டாம் நிலைத் தலைவர் அதை மறுத்துப் பேசினார். நின்றது கூட்டணிப் படை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சத்துக்குள். கண்ணுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டுமானால், காரைக்குடி நகராட்சியாக இருந்தபோது 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, மின்சாரம் இல்லை, தெருவெல்லாம் துப்பாக்கி. அந்த ஊருக்கு 2,000 பேர் வேண்டிய இடத்தில் 700 பேர், அதுவும் மொழி தெரியாதவர்கள், ஷிப்டு மாற்றி நின்றால் எந்த நேரத்திலும் தெருவில் இருப்பது முந்நூறுக்குள். பாக்தாதின் தேசிய அருங்காட்சியகத்தில் சுமார் 15,000 பொருள் களவு போனது இந்த இடைவெளியில்தான். அல்-காகா கிடங்கில் சர்வதேச அணுசக்தி முகமை முத்திரை வைத்திருந்த சுமார் 340 டன் வெடிமருந்து காணாமல் போனது.

இதற்குமேல் இரண்டு கையெழுத்து. ஈராக்கை ஆள அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி பால் பிரெமர் மே 12-ல் வந்து இறங்கினார். மே 16-ல் முதல் ஆணை: சதாமின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் எவரும் அரசு வேலையில் இருக்கக்கூடாது. வேலையில் நிலைக்க வேண்டுமே என்று கட்சியில் பெயர் கொடுத்து வைத்திருந்த பள்ளி ஆசிரியர்களும் இதில் போனார்கள். மே 23-ல் இரண்டாம் ஆணை: ராணுவம் கலைக்கப்பட்டது. சுமார் நான்கு லட்சம் பேருக்கு ஒரே நாளில் சம்பளம் நின்றது. துப்பாக்கி மட்டும் வீட்டில் இருந்தது. சம்பளம் கேட்டு அவர்கள் பாக்தாதில் கூடினார்கள். ஜூன் 18 ஆர்ப்பாட்டத்தில் அமெரிக்க வீரர்கள் சுட்டதில் முன்னாள் வீரர்கள் இருவர் செத்தார்கள். ஐந்து நாள் கழித்து, ஜூன் 23-ல், மாதம் 50 முதல் 150 டாலர் வரை உதவித்தொகை தருகிறோம் என்று அறிவித்தார்கள். மே 23-ல் கலைக்கும்போதே அந்தப் பணத்தை அறிவித்திருக்கலாம், கொடுக்க முடிந்த தொகைதான் அது. அந்த ஒரு மாதத்தில் போனவர்கள் திரும்பவில்லை. பின்னாளில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் படைத்தலைமையில் சதாமின் பழைய அதிகாரிகள் பலர் இருந்தார்கள்.

வீடணன் உள்ளூர்க்காரன். இலங்கையின் ஆளும் அமைப்பு எப்படி இயங்கும் என்று உள்ளிருந்து தெரிந்தவன், போருக்கு முன்பே கடற்கரையில் அடைக்கலமும் அரசும் பெற்றவன். 2003-ல் வாஷிங்டன் மிகவும் நம்பிய ஈராக் அரசியல்வாதி அகமது சலபி 1958-லேயே குடும்பத்தோடு பாக்தாதை விட்டுப் போனவர். நாற்பத்தைந்து வருடம் வெளியே இருந்தவரின் பேச்சை நம்பித்தான், மக்கள் பூத்தூவி வரவேற்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள்.

‘நடத்திய விதம் தவறு, ஆனால் போர் சரி’ என்று உங்கள் அணி தப்பிக்கப் பார்க்கலாம். பலரும் செய்வதுதான், நான் ஏற்பதில்லை. மறுநாளுக்கு ஏற்பாடு இல்லாமல் ஒரு நாட்டின் அரசை உடைப்பது போரை முடிவு செய்தவர்களின் முடிவுக்குள்ளேயே அடங்கியது. ஷின்செகியின் எண் போருக்கு முன்பே மேசையில் இருந்தது.

மற்ற போர்களோடு ஒப்பிடாமல் இந்த வழக்கு விளங்காது. கம்போடியாவில் போல் போட் ஆட்சியில் ஏறத்தாழ 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். வியட்நாம் 1978 டிசம்பர் கடைசியில் படையெடுத்து 1979 ஜனவரி 7-ல் புனோம் பென்னைப் பிடித்தது. வியட்நாமின் நோக்கம் தூய்மையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எல்லைக் கிராமங்களில் போல் போட்டின் கெமர் ரூஜ் படை புகுந்து வெட்டியதற்குப் பதிலடி அது. ஐ.நா. அனுமதியும் கிடையாது, பொதுச்சபை கண்டித்தது, போல் போட் தரப்புக்கே ஐ.நா. நாற்காலி தொடர்ந்தது. வியட்நாம் படை 1989 வரை வெளியேறவில்லை. அத்தனையும் இருந்தும் அந்தப் போர் நியாயம் என்று நான் சொல்வேன், ஏனென்றால் கொலை நடந்துகொண்டிருந்தது, போர் அதை நிறுத்தியது. இது உங்கள் கையில் இருக்க வேண்டிய எடுத்துக்காட்டு. சட்டத்துக்கு மாறான போர் எல்லாம் அநியாயம் என்று எதிரணி சொன்னால் கம்போடியாவைக் காட்டுங்கள். உகாண்டாவில் இடி அமீனை 1979 ஏப்ரலில் தான்சானியா இறக்கியது, அமீன் முதலில் தான்சானியாவுக்குள் படை அனுப்பியதால். அதற்குப் பின் வந்த ஒபோட்டே ஆட்சியிலும் ரத்தம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், இந்தியப் படை டிசம்பரில் போரை முடித்து அடுத்த மார்ச்சில் திரும்பிவிட்டது. லிபியாவில் 2011-ல் ஐ.நா. தீர்மானம் இருந்தது, மறுநாளுக்கு ஏற்பாடு இல்லை.

எண்களில் விழும் குழிகள் மூன்று. ஈராக்கில் செத்தவர்கள் எத்தனை என்றால் ஒருவர் ஒன்றரை லட்சம் என்பார், இன்னொருவர் ஆறரை லட்சம் என்பார். இரண்டும் 2006 நடுப்பகுதி வரையிலான கணக்கெடுப்புகளிலிருந்து வந்தவை. 1,51,000 என்பது ஈராக் குடும்பநலக் கணக்கெடுப்பு, வன்முறையில் செத்தவர்கள் மட்டும். 6,55,000 என்பது லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, போர் இல்லாவிட்டால் செத்திருக்கமாட்டார்கள் என்று கருதப்படும் எல்லாச் சாவும் சேர்ந்தது, பிழை வரம்பு சுமார் 3.9 லட்சத்திலிருந்து 9.4 லட்சம் வரை. ‘ஈராக் பாடி கவுண்ட்’ என்பது செய்தியிலும் ஆவணத்திலும் பதிவான பொதுமக்கள் சாவை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுவது. இன்றுவரை இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கிறது. பதிவாகாத சாவு அதில் வராது. எந்த எண்ணைச் சொன்னாலும் அது எதை எண்ணியது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழி உங்கள் அணிக்கானது. பொருளாதாரத் தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் செத்தார்கள், போர் அதை நிறுத்தியது என்று பேசத் தோன்றும். 1999-ல் வந்த அந்தக் கணக்கு சதாம் அரசின் ஒத்துழைப்போடு எடுத்த தரவில் நின்றது. 2003-க்குப் பிறகு எடுத்த கணக்கெடுப்புகள் எதிலும் அந்த உயர்வு தெரியவில்லை. அந்தத் தரவு திரிக்கப்பட்டது என்று 2017-ல் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. தடையால் மக்கள் வாடினார்கள் என்பது உண்மை, அந்த எண் மட்டும் வேண்டாம். மூன்றாவது எதிரணிக்கானது: ‘எண்ணெய்க்காக மட்டுமே’. 2009-ல் ஈராக் எண்ணெய்வயல்களை ஏலம் விட்டபோது, மிகப் பெரிய ருமைலா பிரிட்டனின் பி.பி.க்கும் சீன நிறுவனத்துக்கும் சேர்ந்து போனது, மேற்கு குர்னா இரண்டாம் பகுதி ரஷ்யாவின் லுக்காயில் கூட்டணிக்குப் போனது. எண்ணெய் ஒரு காரணமே இல்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது, ஆனால் அது ஒன்றே காரணம் என்ற வாதத்தை இது நன்றாக அசைக்கும்.

இனி பர்மா. அப்பச்சியின் வேதனை நியாயமானது, ஆனால் கணக்கு சற்று இடம் மாறியிருக்கிறது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கையில் இருந்தது 6 சதவீத நிலம். நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் மூழ்கி மூழ்கி 1938-ல் அது 25 சதவீதமானது, ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். கடன் கொடுத்த செட்டியார்களும் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, இழந்த பர்மிய விவசாயிக்கோ அது தாங்க முடியாத அடி. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டதும் ஓட்டம் தொடங்கியது. போர் முடிந்து திரும்பிப் போனவர்களின் விளைநிலம் கைவிட்டுப் போனது 1948-ம் ஆண்டின் நில தேசியமயச் சட்டத்தாலும் 1953-ல் அதைத் திருத்தி எழுதிய சட்டத்தாலும். இரண்டும் பிரதமர் ஊ நு தலைமையிலான நாடாளுமன்ற ஆட்சியில் வந்தவை. நெ வின் ஆட்சியைப் பிடித்தது 1962 மார்ச் 2-ல். அவர் 1963-ல் வங்கிகளை எடுத்துக்கொண்டார், 1964-ல் கடைகளை எடுத்துக்கொண்டார், அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார். ஆக, நகரத்தாரின் நெல் நிலத்தைப் பறித்தது சர்வாதிகாரி இல்லை, தேர்தலில் வந்த அரசு. வீட்டில் பர்மாப் பத்திரங்கள் இருந்தால் எடுத்து ஆண்டைப் பாருங்கள்.

சொத்தை மீட்கப் படையெடுப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. பர்மாவில் போருக்கான கேள்வி எழ வேண்டிய நாள் வேறு: 1988 ஆகஸ்ட், செப்டம்பரில் தெருவில் இறங்கிய மாணவர்களையும் துறவிகளையும் ராணுவம் சுட்டுத் தள்ளியபோது. அப்போதும் எந்த நாடும் போகவில்லை. ‘ஈராக்குக்குப் போனவர்கள் பர்மாவுக்கு ஏன் போகவில்லை?’ என்று எதிரணி கேட்டால், ஓர் இடத்தில் செய்யாதது இன்னோர் இடத்தில் செய்ததைத் தவறாக்காது என்று பதில் சொல்லுங்கள். அது சரியான பதில்தான்.

எட்டு நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். குற்றப் பட்டியலும் மஹாவீலும் ஒன்றரை நிமிடம். கம்போடியாவை வைத்து, சட்டமும் நியாயமும் எப்போதும் ஒன்றில்லை என்று காட்ட ஒன்றரை நிமிடம். மூன்று கெட்ட வழிகள் வாதத்துக்கு மூன்று நிமிடம், உங்கள் முதுகெலும்பு அதுதான். பிரெமரின் ஆணைகளை எதிரணி சொல்வதற்கு முன் நீங்களே ஒப்புக்கொண்டு பேச ஒரு நிமிடம். எழுத்தில் எழுநூறு சொல்லுக்குமேல் போனால் வேகமாகப் பேச வேண்டிவரும், அரபுப் பெயர்கள் நாக்கில் சிக்கும். மீதி ஒரு நிமிடத்தைக் கடைசிக் கேள்விக்கு வையுங்கள், நடுவரோ எதிரணியோ கட்டாயம் கேட்பார்கள்: போர் நடக்காமல் சதாம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் அணியின் பதில் சிரியா. அங்கே யாரும் அப்படிப் படையெடுத்துச் சர்வாதிகாரி அசாதை இறக்கவில்லை. 2011-ல் கிளர்ச்சி வந்தது, லட்சக்கணக்கானோர் செத்தார்கள், நாட்டில் பாதிப்பேர் வீடிழந்தார்கள். சதாம் இருந்திருந்தால் ஈராக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று வாதிடலாம். இது வலுவான வாதம், நானும் இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிட மாட்டேன். எதிரணி விவரமாக இருந்தால் இரண்டு சொல்லும். ஒன்று, அசாதை 2024 டிசம்பர் 8-ல் இறக்கியது சிரியர்களே. இன்னொன்று, சிரியாவின் அழிவில் ஐ.எஸ். ஒரு பெரும்பங்கு. அதன் தலைவர் பாக்தாதி 2004-ல் ஈராக்கின் பூக்கா முகாமில் அமெரிக்கக் காவலில் இருந்தவர். 2014-ல் ஈராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தபோது நம் நாட்டுத் தொழிலாளர் 39 பேரைப் பிடித்துக் கொன்றது அந்த அமைப்புதான். சிரியாவைத் தனிப் பேரேடாக எழுத முடியாது, அதன் முதல் பக்கத்துப் பற்றில் பாதி 2003 மே மாதத்துப் பாக்தாதில் விழுந்தது.